நேரசூசியர் கூட்டிப்போன காணிவேல்

"பெட்டைக்குப் படிப்பு என்னத்துக்கு? பஸ்ஸிலை போர்ட் வாசிக்கவோ?"

நான் ஆறாம் வகுப்புக்குப் புறப்பட்ட முதல் நாள் காலையில் எங்கள் வேலிப் படலையடியில் நின்றுகொண்டு இப்படிக் கேட்டவர் என் பெரியப்பா. நான் அவரைப் பெரியையா என்பேன். ஊர் அவரை நேரசூசியர் என்றது; ரயில் நேர அட்டவணையை எங்கள் பக்கத்தில் நேரசூசி என்பார்கள். அவருக்கு இன்னொரு பெயரும் இருந்திருக்க வேண்டும். பெயரில்லாத ஆளுக்கு அரசாங்கம் பென்சன் கொடுக்காது. ஆனால் நயினாதீவுத் துறையில் இறங்கி அந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் வழி காட்ட ஓர் ஆள் கிடைக்காது.

ஏழு தீவுகளிலும் யாழ்ப்பாணத்திலும் சல்லடை போட்டுத் தேடினாலும், புறப்படும் முன்பே ஒரு பயணத்தைப் பாழாக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று அடித்துச் சொல்வேன். மற்றவர்கள் போய்வந்து களைப்பார்கள். அவரோடு போகிறவர்கள் களைத்த பிறகுதான் புறப்படுவார்கள். குடும்பத்தோடு ஒரு நாள் விளையாட்டுப் பூங்காவுக்குப் போக எத்தனை நாள் முன்னதாகத் திட்டமிட வேண்டும் என்று இப்போதெல்லாம் பத்திரிகைகளில் ஆலோசனை எழுதுகிறார்கள். முப்பது நாள் திட்டமிட்ட குடும்பத்தில் பிறந்தவள் என்ற உரிமையில் நானும் இதில் வாய் வைக்கிறேன்.

பெரியையா இருபத்தெட்டு வருடம் பொல்காவலைப் பக்கத்தில் ஒரு ரயில் கடவையில் கேற் மூடித் திறந்தவர். எழுத்துக் கூட்டி வாசிப்பது அவருக்குப் பெரும்பாடு. இலக்கங்கள் மட்டும் தண்ணீர்பட்ட பாடு. ரயில் வர ஆறு நிமிடத்துக்கு முன் மூடச் சொன்னால் பன்னிரண்டு நிமிடத்துக்கு முன் மூடுவாராம். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று அலறுமாம்.

"வந்தாப்பிறகு மூடுறதெண்டால் கேற் என்னத்துக்கு? குழறி அழ வாய் போதுமே," என்பார்.

பென்சனோடு தீவுக்கு வந்தவர் வீட்டையும் கடவையாக்கினார். ஆடு அவிழ்க்க ஐந்து ஐம்பது. கோழிக்கூடு திறக்க ஆறு பத்து. பெரியம்மா தேநீர் வைக்க ஆறு இருபது. ஆடு அதன்படி நடந்தது. கோழிகளும் பெரியம்மாவும் நடக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதம், யாழ்ப்பாணம் முற்றவெளியில் காணிவேல் வந்திருக்கிறது என்ற செய்தி எங்கள் துறையில் லோஞ்சுப் படகில் வந்து இறங்கியது. கார்னிவல் என்று எழுதுவார்கள். எங்கள் வாய்க்கு அது காணிவேல். மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறதாம். பனையளவு உயர ராட்டினம் ஒன்று நிற்கிறதாம்.

அம்மா உலை அரிசியைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "அதின்ர உச்சியிலை இருந்து பாத்தா எங்கட தீவு தெரியுமோ பிள்ளை?"

நயினாதீவில் உயரமானவை இரண்டுதான். ஒன்று கோபுரம், மற்றது பனை. இரண்டிலும் பெண்பிள்ளைகள் ஏற முடியாது. அம்மா தன் வாழ்நாளில் நின்ற அதிகபட்ச உயரம் கிணற்றுக்கட்டு. அப்பா தெற்கே ஒரு கடையில் வேலைக்கு நின்றார், வருடத்துக்கு இரண்டு தரம் வருவார். எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் பள்ளிக்கூடத்தில் நிலைத்ததில்லை. நான் எட்டாம் வகுப்பில் முதலாம் பிள்ளை. அதற்காக அம்மா எத்தனையோ விட்டுக்கொடுத்திருக்கிறார். தனக்கென்று வாய் திறந்து கேட்டது அந்த ராட்டினம் ஒன்றைத்தான்.

"நான் உங்களை ஏத்துறன் அம்மா," என்று சொல்லிவிட்டேன்.

சொன்னால் போதுமா? பதின்மூன்று வயதுப் பெட்டையும் தாயும் தனியாகப் பட்டணத்துக்குப் போனால் ஊர் வாய் மூடாது. துணைக்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டும். அந்தத் தேவைதான் எங்களை நேரசூசியரிடம் கொண்டுபோய் விட்டது.

"நாளைக்குப் போவமோ பெரியையா?" என்று கேட்டேன்.

"நாளைக்கோ?" அவர் கதிரையை விட்டே எழுந்துவிட்டார். "நாளைக்குப் போறதுக்கு இதென்ன செத்தவீடோ?"

காணிவேல் ஒரு மாதம் நிற்கும். அவர் தெரிந்தெடுத்தது கடைசி நாள்.

"முதற்கிழமை ஆணி இறுகாது. ரெண்டாங்கிழமை சனம். மூண்டாங்கிழமை அட்டமி நவமி. கடைசி நாளெண்டால் விழுற பெட்டியெல்லாம் விழுந்து முடிஞ்சிருக்கும். மிச்சம் நிக்கிறது உறுதி."

"கடைசி நாளும் தவறினா?"

"தவறாது. அதுக்குத்தானே இண்டைக்கே தொடங்கிறம். கொப்பியை எடு."

என் எழுத்து அழகு. அதனால் நிரல் எழுதும் வேலை எனக்கு. கொப்பியின் நடுத்தாளைக் கழற்றி, கோடு போட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நாலு மணிக்கு எழும்புதல். ஐந்து பத்துக்குத் துறை. குறிகட்டுவானில் இறங்கி பஸ். எட்டு மணிக்கு முற்றவெளி. ஒன்பது நாற்பதுக்கு ராட்டினம். எப்போது தண்ணீர் குடிப்பது, எப்போது சிரிப்பது என்பது மட்டும்தான் அதில் இல்லை.

திரும்பி வர மூன்றரை மணி பஸ். அதற்குப் பிறகு மூன்று பஸ் இருந்தன.

"அவ்வளவு வெள்ளணவோ பெரியையா?"

"கடைசி பஸ்ஸை நம்பிறவன் மனுசனில்லை. கடைசி பஸ் பழுதானா அதுக்கு முந்தினதுதான் கடைசி பஸ். அதுவும் பழுதானா அதுக்கு முந்தினது. எழுது, மூண்டரை."

இதற்கிடையில் பெரியம்மாவின் தலைக்குள் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் ஆடிவேல் என்று ஒரு திருவிழா உண்டு, அதைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். "ஆடிவேல் தெரியும். இதென்ன காணிவேல்? ஆரின்ர காணியிலை?" என்று முதல் நாளே கேட்டார். கணக்கில் மூழ்கியிருந்த பெரியையா, "முற்றவெளிக் காணியிலை," என்றார். அவ்வளவுதான். முற்றவெளிக் காணியில் புதிதாக ஒரு முருகன் வேல் எழுந்தருளியிருக்கிறது என்று பெரியம்மா முடிவுகட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மச்சம் கிடையாது. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் முப்பது நாள் மீன் வாசனை இல்லாமல் ஒரு குசினி! ஏன் என்று பெரியையா கேட்கவில்லை. கேட்பதற்கு நிரலில் நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

விரதம் பிடித்தவர் வெறுங்கையோடு போவாரா? தேங்காய், கற்பூரம், பழம், பூ, பூசைத் தட்டு எல்லாம் பையில் ஏறின. பெரியையாவின் பங்குக்கு இரண்டு குடை, சாப்பாட்டுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், கயிறு. மொத்தம் ஆறு பைகள். ஆறு பைகளோடு ராட்டினத்தில் ஏற முடியாது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார்.

"எழுது. ராட்டினத்திலை பெரியம்மாவும் நீயும். உன்ர கொம்மா பைக் காவல். நான் மேற்பார்வை."

எழுதிவிட்டேன். முத்துப்போல என் கையால், 'அம்மா - பைக் காவல்' என்று எழுதிவிட்டேன். எழுத்தின் அழகைப் பார்த்தேனே ஒழிய எழுதியது என்னவென்று பார்க்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில்தான் அது நெஞ்சில் தைத்தது. பையை எறிந்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

"பெரியையா, ராட்டினம் அம்மா கேட்டது! மேற்பார்வைக்கு நீங்கள் சும்மாதானே நிப்பியள், பையையும் பாருங்கோவன்!"

"கேற் மூடுறவன் ஒருதன். கொடி காட்டுறவன் ஒருதன். ரெண்டையும் ஒருதன் செய்தா விபத்து."

"அப்ப நான் பை பாக்கிறன். அம்மா ஏறட்டும்."

"நிரல் எழுதியாச்சு. எழுதினது எழுதினதுதான்."

அம்மாவிடம் முறையிட்டேன். "விடு பிள்ளை. பக்கத்திலை நிண்டு பாத்தாலும் போதும்," என்றார். அம்மா கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அப்படிச் சொன்னதில் என் கோபம் இரண்டு மடங்கானது.

அதற்குப் பிறகு ஒத்திகைகள் தொடங்கின. முற்றத்தில் கதிரைகளை இரண்டிரண்டாக அடுக்கினால் அது பஸ். பெரியையா கொண்டக்டர். அவர் வாயால் விசில் ஊதினால் ஆறு பைகளோடும் நாங்கள் இறங்க வேண்டும். அம்மா பிந்தினால் மீண்டும் முதலிலிருந்து. கிடுகுவேலிக்கு மேலால் அயலட்டை முழுவதும் தலை நீட்டிப் பார்த்தது. "நேரசூசியர், எங்களுக்கும் ஒரு ரிக்கற்!" என்று யாரோ கத்தினார்கள்.

ராட்டினத்துக்குத் துலா. எங்கள் கிணற்றுத் துலாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கவட்டில் பொருத்திய நீண்ட மரம் அது. ஒரு முனையில் வாளிக் கயிறு, மறு முனையில் பாரம். கயிற்றை இழுத்தால் பார முனை மேலே எழும்பும். ராட்டினத்தில் தலை சுற்றாதிருக்கப் பெரியம்மாவைப் பழக்க வேண்டும் என்று சொல்லி, அவரைப் பார முனையில் குந்தவைத்துவிட்டு, பெரியையா கிணற்றுக்கட்டில் ஏறிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார்.

பெரியம்மா நல்ல பாரம். மரம் அசையவில்லை. பெரியையா முழுப் பலத்தையும் போட்டுக் கயிற்றில் தொங்க, பார முனை இரண்டு முழம் எழும்பியது. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா வசதியாக இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து இருந்தார். கயிறு மேலே போனது. கயிற்றோடு பெரியையாவும் போனார். ஊசலாடி, கிணற்றுக்கு நேர் மேலே நின்றார்.

"எணேய்! எழும்பாதை! எழும்பினா நான் கிணத்துக்கை!"

"எழும்பேல்லை. ஆனா இஞ்சை எறும்பு கடிக்குது."

"கடிச்சாலும் இரு! ஐயோ, கீழை பாக்கவே ஏலாமல் கிடக்கு!"

பெரியம்மா பயந்ததாகத் தெரியவில்லை. வருடக்கணக்கில் கிடைக்காத ஒன்று அன்று அவருக்குக் கிடைத்திருந்தது. "ஆறு இருபதுக்குத் தேத்தண்ணி வைக்கச் சொல்லிக் குழறுவியளோ இனி?" என்று நிதானமாகக் கேட்டார். கடைசியில் அம்மாதான் மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியை எடுத்து வந்து, அவருடைய வேட்டியில் கொளுவி, மெல்லக் கட்டுப்பக்கம் இழுத்தார். தரையில் கால் பட்டதும் பெரியையா மணிக்கூட்டைப் பார்த்தார். "ஒத்திகை பதினொரு நிமிசம் பிந்திப் போச்சு," என்றார்.

பயண நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் புறப்படுகிறவரைப் பார்த்து 'எங்கை போறியள்' என்று கேட்கக் கூடாது. கேட்டால் போன காரியம் கெட்டுவிடும். 'துலைக்கோ?', அதாவது தூரத்துக்கோ, என்றுதான் கேட்க வேண்டும். யாரும் வாய் தவறிக் கேட்டுவிடக் கூடாதென்று முதல் நாளே பெரியையா வீடு வீடாகப் போய் எச்சரித்து வைத்திருந்தார். அதனால் ஊர் முழுவதும் எங்களை வழியனுப்ப எழும்பி நின்றது. எங்கள் ஒழுங்கை தொடங்கித் துறை வரைக்கும் ஒவ்வொரு படலையிலிருந்தும் "துலைக்கோ?" "துலைக்கோ?" என்று ஒரே கோரஸ். பதில் சொல்லிச் சொல்லி அம்மாவின் தொண்டை அடைத்துவிட்டது.

முற்றவெளிக்கு எட்டு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். நிரலில் எல்லாம் சரி. ராட்டினம் நின்றது. மரணக்கிணறு நின்றது. ஆட்களைத்தான் காணவில்லை. வாசலில் ஒருவர் கித்தான் படங்கைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்குத்தான் திறப்பம்," என்றார்.

முப்பது நாள் திட்டமிட்டோம். காற்றுத் திசை விசாரித்தோம். அட்டமி நவமி பார்த்தோம். காணிவேல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஒருவரும், ஒரு நாளும், ஒரு பேச்சுக்கும் கேட்கவில்லை!

வேறு யாராக இருந்தாலும் நிரலைக் கிழித்து எறிந்திருப்பார்கள். பெரியையா வாகைமர நிழலில் ஆறு பைகளையும் வரிசையாக வைத்து, எங்களை இருத்தி, நிரலை விரித்தார். ஒன்பது நாற்பதுக்கு எழுந்து நின்றார்.

"ஒன்பது நாப்பது. ராட்டினம்."

நாங்கள் பூட்டிய வாசலைப் பார்த்தோம். கால் மணி நேரம் கழிய, "ராட்டினம் முடிஞ்சுது," என்றார்.

"பெரியையா, நாங்கள் ஏறேல்லை!"

"நேரம் முடிஞ்சுதல்லோ."

இப்படியே மரணக்கிணறு முடிந்தது. பொம்மலாட்டம் முடிந்தது. ஐஸ்கிறீம் முடிந்தது. ஒரு வாகைமரத்தடியில் இருந்தபடியே நாங்கள் முழுக் காணிவேலையும் பார்த்து முடித்தோம். அம்மா மட்டும் சுற்றாமல் நின்ற அந்தப் பெரிய சில்லை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. இனிமேலாவது என்று நான் எழும்ப, பெரியம்மா பூசைத் தட்டோடு எங்களை முந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். முருகனின் வேலைத் தேடித்தான். பந்து எறியும் கடைக்குள் தேடினார். கண்ணாடி வீட்டுக்குள் தேடினார். அங்கே தன்னையே பத்துப் பேராகக் கண்டு, "இதென்ன இவ்வளவு சனம், ஒருதரும் வழி விடாயினமாம்," என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்தார். அவரைத் தேடி நாங்கள், வேலைத் தேடி அவர். கடைசியில் ராட்டினத்தடியில் கண்டோம். இந்த இடத்தில் இதைவிட உயரமாக ஒன்றும் இல்லை, ஆகவே சாமி இங்கேதான் இருக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார். கற்பூரம் கொளுத்தி, 'முருகா' என்று கூப்பிட்டு, ராட்டினத்தின் இரும்புக்காலடியில் தேங்காயை அடித்தார். பளீரென்று சரிபாதியாகப் பிளந்தது.

ராட்டினக்காரர் கொழும்புப் பக்கத்து ஆள். கண் கலங்கிவிட்டார்.

"பதினாறு வருஷமா ஊர் ஊராச் சுத்துறேன் அம்மா. என்னோட ராட்டினத்துக்கு யாருமே தேங்காய் உடைச்சதில்ல," என்று சொல்லி, ஒரு பாதியை இரண்டு கையாலும் எடுத்துப் பெரியம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். பெரியம்மா அதைக் கோயில் மரியாதை போல வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எனக்குத் தரிசனம் முடிஞ்சுது. உதிலை நான் ஏறமாட்டன். சாமியின்ர தலையிலை குந்துறதோ?" என்று சொல்லி, பைகளின் நடுவில் காலை நீட்டி இருந்துவிட்டார்.

ஓர் இடம் வெறுமையாகிவிட்டது. பைக்கும் ஆள் கிடைத்துவிட்டது. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். பெரியையா குறுக்கே கையை நீட்டினார். கேற் மூடிக்கொண்டது.

"நேரம் மூண்டு ஐஞ்சு. ராட்டின நேரம் ஒன்பது ஐம்பத்தைஞ்சோடை முடிஞ்சுது. இனி மூண்டரை பஸ். பையை எடுங்கோ."

"வா பிள்ளை. பெரியையா சொன்னாச் சரி," என்று அம்மா குனிந்து பையை எடுத்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் போல வாழ்க்கையில் இன்னும் வரவில்லை. நாளைக்கு இந்த ராட்டினத்தைக் கழற்றிவிடுவார்கள். அம்மா திரும்பிப் போய்க் கிணற்றுக்கட்டில் நிற்பார். கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் கத்தி ஒரு பயனும் இல்லை. அந்த மனிதருக்கு வாய் வார்த்தை காதில் ஏறாது. எழுதினது எழுதினதுதான்.

அவர் கையிலிருந்த தாளைப் பறித்தேன். அவர் சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்தேன். 'பைக் காவல்' என்ற இரண்டு சொல்லையும் குறுக்கே வெட்டினேன். கீழே, என் முழு அழகு எழுத்தில், '3.10 - அம்மா, ராட்டினம்' என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"வாசியுங்கோ."

அவர் உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினார். இலக்கத்தை ஒரு தரம் பார்த்தார். மணிக்கூட்டை ஒரு தரம் பார்த்தார். முகம் மாறியது.

"மூண்டு எட்டாச்சு! இன்னும் ரெண்டு நிமிசம்தான் கிடக்கு! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஓடுங்கோ!" என்று எங்களைத் தள்ளிக்கொண்டு போய் அவரே பெட்டிக்குள் ஏற்றிவிட்டார்.

முதல் இரண்டு சுற்றும் அம்மா கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாவது சுற்றில், தேங்காய் உடைத்தவர்களின் ஆட்கள் என்ற மரியாதைக்கு ராட்டினக்காரர் எங்கள் பெட்டியை உச்சியில் நிறுத்தினார். ஒரு நிமிடம்தான் நிறுத்த நினைத்தார். இயந்திரம் இருமி, புகைத்து, படுத்துவிட்டது. கீழே ஆட்கள் ஓடினார்கள். அம்மா கண்ணைத் திறந்தார்.

கோட்டை மதில் கீழே கிடந்தது. அதற்கு அப்பால் கடல். கடலைக் கிழித்துக்கொண்டு பண்ணைப் பாலம். தண்ணீருக்கு மேல் பச்சையாக ஒரு நிலம்.

"பிள்ளை! அங்கை பார்! எங்கட தீவு!"

அது மண்டைதீவு. நயினாதீவு அங்கிருந்து தெரியவே தெரியாது. பூமிசாத்திரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாங்கியவளுக்குத் தெரியாதா? சொல்ல வாய் எடுத்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார், பல் தெரிய, சின்னப்பிள்ளை போல. அம்மாவுக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்று இருபத்தைந்து. மூன்று முப்பது. மூன்றரை பஸ் போயிருக்கும். கீழே பெரியையா தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடித் திரிவார் என்று எட்டிப் பார்த்தேன். அவர் ஓடவில்லை. இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவரிடம், "ஆறுதலாச் செய்யும். அவசரமில்லை, அவ பாக்கட்டும்," என்று சொல்லும் குரல் மேலே கேட்டது. பிறகு முழங்காலில் தாளை வைத்து, பேனையை உளிபோலப் பிடித்து, நெடுநேரம் எதையோ எழுதினார்.

இறங்கி வந்ததும் தாளை என்னிடம் நீட்டினார். மூன்றரை வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில், கோழி கிண்டியது போன்ற எழுத்தில், '4.30 பசு' என்று இருந்தது. பஸ் என்று எழுதியிருக்கிறார்! என் கையெழுத்து நிறைந்த அந்தத் தாளில் அவர் எழுதிய ஒரே வரி அதுதான்.

"நீங்களும் ஒருக்கா ஏறுங்கோவன், பெரியையா. பெரியம்மாதானே பை பாக்கிறா," என்றேன்.

"நான் ஏறினா நேரம் ஆர் பாக்கிறது?" என்றார். துலாவில் தொங்கிய மனிதருக்குப் பயமா, இல்லை, உண்மையிலேயே நேரம் பார்க்கத்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது.

நாலரை பஸ் அவருடைய ஒத்திகையில் இல்லாத பஸ். எங்கே நிற்கும் என்று தெரியாமல், ஆறு பைகளோடும் எங்களைக் காரைநகர் பஸ்ஸில் ஏற்றப் பார்த்தார். நான் போர்ட்டை வாசித்து இழுத்து இறக்கினேன். "ஓம், வாசிச்சிட்டாள்! நான் படிப்பிச்சது வீண்போகேல்லை," என்று பஸ் நிலையத்துக்கே கேட்கச் சொன்னார். யார் படிப்பித்தது? யார் படிப்பித்தது என்று கேட்கிறேன்! அதற்குள் பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

குறிகட்டுவானில் லோஞ்சு காத்து நின்றது. நடுக்கடலில் அம்மா கூச்சத்தோடு பெரியையாவிடம் சொன்னார்: "அத்தான், மேலை இருந்து பாக்க எங்கட தீவு வடிவாத் தெரிஞ்சுது."

பெரியையாவுக்கு அந்தப் பாதையில் எத்தனை மைல், எத்தனை நிமிடம் என்பது மனப்பாடம். கணக்குப் பிழைத்தால் கடவுளையும் விடமாட்டார். 'இருபது மைல் பிள்ளை, தெரியாது' என்று சொல்லப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்தேன். அவர் என்னை ஒரு முறைப்பு முறைத்தார், வாயைத் திறக்காதே என்று.

"ஓம் பிள்ளை," என்றார் அம்மாவைப் பார்த்து. "அந்த உயரத்திலை ஏன் தெரியாது? தெரியும்தான்."

அந்த வருடம் ஆடியில் நடந்த கலவரத்தையும் அதற்குப் பிறகு வந்த போர் வருடங்களையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீவை விட்டு எல்லோரும் போனோம். நான் இப்போது கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பிக்கிறேன். அம்மா என்னோடு. பெரியையாவும் பெரியம்மாவும் யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை அறையில். வடக்கே போகும் ரயில் வவுனியாவோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே எந்த வண்டி எப்போது, எந்தப் படகு எப்போது என்று சொல்ல ஆள் கிடையாது. நேரசூசியரை இப்படி ஒரு காலத்துக்குள் கொண்டுபோய் விட்டவர்கள் மீது எனக்குள்ள கோபத்தை எழுத இந்தப் பக்கம் போதாது.

போன மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பக்கத்து அறைப் பிள்ளை எழுதிக் கொடுத்தது. கண்ணில் திரை விழுந்துவிட்டதாம். மணிக்கூட்டு முள் தெரிவதில்லையாம். நேரத்தை அந்தப் பிள்ளையிடம்தான் கேட்டுக்கொள்கிறாராம். அவள் எப்போதும் ஐந்து நிமிடம் பிந்தித்தான் சொல்கிறாளாம்.

அம்மா கடிதத்தை என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "போய் ரெண்டுபேரையும் கூட்டிக்கொண்டு வா," என்றார். "கண்ணைக் காட்டித் திரையை வெட்டுவிப்பம். பேந்து கடற்கரையிலை வந்து நிக்கிற ராட்டினத்திலை அத்தானை ஏத்துவம். அந்த மனுசன் அண்டைக்கு ஏறேல்லையல்லோ."

எழுதினேன். நேரம் தெரியாத பயணத்துக்கு ஒருவரும் வெளிக்கிட வேண்டாம் என்று பதில் வந்தது.

பள்ளிக்கூடத்தில் லீவுக் கடிதம் கொடுத்துவிட்டேன். வவுனியா ரயிலுக்குப் பதிந்தும் விட்டேன். மேலே எப்படிப் போவேன், எத்தனை நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது அந்த ரயிலின் நேரம் மட்டும்தான். அதை ஒரு முழுத்தாளில், அவர் கண்ணுக்குத் தெரியக்கூடியதாக, கறுப்பு மையால் சாண் உயர இலக்கங்களில் எழுதி நேற்றே அனுப்பிவிட்டேன்.